கவுண்டருக்கு இரண்டாவது கதவு

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பெயர் பதிகிறவன், நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன், கூட வந்தவரின் கையைப் பார்க்கப் பழகிவிடுவான். கவுண்டருக்குப் பின்னால் உட்காரும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மல்லேஸ்வரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக எனக்கு இரவு ஷிப்ட்.

ஒரே வழி

எங்கள் கவுண்டருக்கு ஒரே கதவு, அதுவும் கூட்டம் நிற்கும் பக்கம். ஒரு விடியற்காலை, அப்பாவைப் பார்க்க டாக்டர் இன்னும் வரவில்லையென்று ஒருவர் அந்தக் கதவு வழியாகவே நுழைந்து, என் பக்கத்து நாற்காலி நர்ஸ் ஸ்டெல்லாவின் கையை முறுக்கிவிட்டார். பின்னால் சுவர். ஸ்டெல்லா எங்கே ஓடுவார்? நடுவில் புகுந்ததில் என் மூக்குக்கண்ணாடி போயிற்று. அப்பாவுக்கு மூச்சு சீரானதும் அதே மனிதர் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"தப்பாயிடுச்சு சார். உங்களுக்குப் பவர் எவ்ளோ?"

சிரித்த முகம்

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. ஊழியரைத் தாக்குவது குற்றம் என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் போர்டு மாட்டியது. கோபக்காரரிடம் சிரித்த முகமாகப் பேசுவது எப்படி என்று ஒரு மணி நேர வகுப்பும் நடந்தது. கையில் கட்டோடு கடைசி வரிசையிலிருந்து ஸ்டெல்லா எழுந்தார்.

"சிரிக்கிறேன் சார். சிரிச்சிட்டு எந்தப் பக்கம் ஓடணும்?"

இரண்டு காகிதம்

மறுநாள் அவர் ராஜினாமா எழுதிவிட்டார். நான் பத்தாவதோடு நின்றவன். தூக்கம் வராத பகல்களில் சட்டப் புத்தகம் புரட்டுவது என் வியாதி. ஊழியருக்கு ஆபத்தில்லாத வேலையிடம் தருவது முதலாளியின் கடமை என்று படித்ததை வைத்து, பின்சுவரில் ஒரு கதவும் மேஜைக்கடியில் ஒரு அலாரமும் கேட்டு மனு எழுதினேன். இரண்டு காகிதமும் ஒன்றாகவே மேனேஜர் மேஜைக்குப் போயின. சுவரை உடைத்தால் பார்க்க நன்றாயிருக்காதே என்று அவர் பாதி கன்னடத்தில் இழுத்தார். என் பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா கோலார் தங்கவயல்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகள்.

"எங்கப்பா வேலை செஞ்சது பூமிக்கடியில. வெளிய வர ரெண்டு வழி இல்லாம அங்கயே ஆளை இறக்கக்கூடாதுன்னு ரூல் சார். இது கிரவுண்ட் ஃப்ளோர்."

திறந்தது

மேனேஜர் என் மனுவை இன்னொரு முறை படித்தார். மூன்றாவது வாரம் சுவர் உடைந்தது. கதவு வந்த அன்றே ஸ்டெல்லா ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டார். இதுவரை அந்த வழியாக யாரும் ஓடவில்லை. கேன்டீன்காரர் மட்டும் டீயோடு வருகிறார். நேற்று ஒருவர் கத்திக்கொண்டு வந்தார். ஸ்டெல்லா பொறுமையாகக் கேட்டு அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பின்னாடி கதவு இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தாண்ணா, எதிர்ல நிக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னே காதுல விழுது."

இத்தனை வருஷம் சட்டம் படித்ததில் கைமேல் கண்ட பலன், எங்கள் கவுண்டருக்கு டீ இப்போது சூடு ஆறாமல் வருகிறது.