ஆறாவது நிமிடத்தில் ஒரு மேடு

கும்மிடிப்பூண்டி ஆய்வுக்கூடத்தில் அப்போது என் வேலை, ரத்தத்தில் நிகோடினை அளக்கும் முறையைச் செம்மைப்படுத்துவது. தினமும் காலையில் புதுவாயலில் டீயோடு இரண்டு சிகரெட் ஊதிவிட்டு வருபவனிடம் அதை ஒப்படைத்திருந்தார்கள். வேலையில் சேரும்போது ‘புகைப்பழக்கம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, நிகோடினே இல்லாத ரத்தம் வேண்டும். பெரியபாளையம் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் சக ஊழியரான ஒரு பெண்மணி கொடுத்தார். புகையிலையைத் தொட்டதில்லை என்று அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருடையது உண்மை.

அந்த ரத்தத்தை நானே குழாயில் தயார்செய்து கருவியில் செலுத்தினேன். காகிதத்தில் தட்டையான கோடு வர வேண்டும். ஆறாவது நிமிடத்தில், சரியாக நிகோடின் வரும் இடத்தில், ஒரு சின்ன மேடு எழுந்தது.

மேலாளர் அவரைக் கூப்பிட்டு, வெற்றிலையோடு புகையிலை போடுவதுண்டா என்று விசாரித்தார். பொய்க் கையெழுத்து என்றால் வேலை போய்விடும் என்பதையும் மரியாதையாகவே சொன்னார். நான் பக்கத்தில், ஆழ்ந்து யோசிக்கும் முகத்தோடு, கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன்.

கோளாறு முறையில்தான், சரிசெய்கிறேன் என்றேன். கருவிக்குள் ஓடும் கரைசலை மாற்றினேன், அதன் ஓட்டத்தைக் குறைத்தேன். என் திறமை பலித்தது: மழுங்கலாக இருந்த மேடு ஊசிபோல் நிமிர்ந்தது. பயத்தில் சிகரெட் கூடியது, மேடும் கூடியது.

நான்காம் நாள் அவரே ஒரு வழி சொன்னார். ரத்தம் வேண்டாம், வெறும் தண்ணீரை ஆளுக்கொரு குழாயில் அதே முறையில் தயாரித்துக் கருவியில் விட்டுப் பார்க்கலாம். எனக்கு அந்த யோசனை முதல் நாளே வந்திருந்தது, வெளியே விடவில்லை.

அவருடைய கோடு தட்டை. என்னுடையதில் மேடு.

“உங்க கையா சார்?”

“கையும் மூச்சும்.”

“மொத நாளே தெரியுமா?”

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “தெரியும்மா” என்று வந்தது.

“மூணு நாளா ஊட்ல சொல்லாம பயந்துகினு இருக்கேன் சார். நீங்க கரைசல மாத்திகினு இருந்தீங்க.”

குரலை உயர்த்தவில்லை. காகிதங்களை என்னிடம் தராமல் தானே எடுத்துக்கொண்டு மேலாளர் அறை வரை நடந்தார். கதவருகே நின்று, “நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்” என்றார்.

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். மேசையிலிருந்து முடிந்தவரை தள்ளி நின்று, “சார், அந்தம்மா கையெழுத்து சரிதான். என்னோடதுதான் பொய்” என்று ஆரம்பித்தேன்.