குகைவாசலில் ஒன்பது வருடம்

மலாக்காவை ஒட்டிய தஞ்சோங் கிளிங்கில் பக்கத்து வீட்டு நாய் ரோட்டில் படுத்திருந்தால், ஹரிதாஸ் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போவார். கம்ப்யூட்டருக்குள் மட்டும் அவர் மாவீரர். தொழிற்சாலை ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவர், 1989-இல் தான் ஒரு டிராகனைக் கொன்ற கதையைக் கேன்டீனில் அவிழ்த்து விடாத வாரமே கிடையாது.

அது ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. வீரன், மந்திரவாதி, வைத்தியன் என்று ஆறு பேரை உருவாக்கி, நாமே பெயர் வைத்து, பாதாளக் குகைகளில் இறங்கிப் பூதங்களோடு சண்டை போட வேண்டும். கடைசிக் குகையில் டிராகன். செத்தால் செத்ததுதான், டிஸ்கெட்டிலேயே அப்படி எழுதிவிடும். படம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, பச்சை எழுத்தும் நாலு கோடும்தான். புது விளையாட்டுகளைக் கண்டாலே ஹரிதாஸுக்கு ஆகாது. எல்லாவற்றையும் விளையாட்டைச் செய்தவனே படம் போட்டுக் காட்டிவிட்டால் மனுஷனுக்கு மூளை எதற்கு என்று கேட்பார்.

உண்மையில் அவர் அந்த டிராகனைக் கண்ணால் கண்டதே இல்லை. குகைவாசல் வரை ஆறு பேரையும் கொண்டுவந்து நிறுத்தியதோடு சரி. உள்ளே போனால் செத்துவிடுவார்களே என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, ஆறு பேரையும் நலம் விசாரித்து, கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, மறுபடி வாசலிலேயே நிறுத்தி அணைத்துவிடுவார். 1998 ஆகியும் அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

மலாக்கா டவுனில் கடிகாரக் கடை வைத்திருந்த முஃபீத் அவருடைய அந்தக் காலத்துக் கூட்டாளி. அவரும் அதே விளையாட்டில் ஊறியவர். டிஸ்கெட்டில் பூசணம் பிடித்ததால் முடிக்க முடியாமல் போனது என்பார். ஆயுத பூஜை சுண்டலுக்கு வருவதாகவும், டிராகன் செத்த பிறகு என்ன வருகிறது என்று அன்றைக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றும் போனில் சொல்லிவிட்டார். ஹரிதாஸ் போனை வைத்துவிட்டுப் பூஜைக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். ஒன்பது வருடத்து மானம் அல்லவா?

பூஜையன்று கத்தரிக்கோல், மோட்டார் சைக்கிள் சாவி, கம்ப்யூட்டர், டிஸ்கெட் எல்லாவற்றையும் மனைவி திலகவதி சாமி முன்னால் அடுக்கி வைத்திருந்தாள். ஹரிதாஸ் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். டிஸ்கெட்டில், உள்ளிருக்கும் தட்டு வெளியே தெரியும் அந்தச் சின்னத் திறப்பாகப் பார்த்துச் சந்தனத்தை அப்பினார். அதன்மேல் குங்குமம். அதோடு டிஸ்கெட் ஒழிந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பக்தியில் செய்த பிழையை யார் குறை சொல்வார்கள்? ஆனாலும் பெற்ற பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளுவது போல இருந்தது.

மாலையில் முஃபீத் வந்தார். ஹரிதாஸ் துக்க வீட்டுக்காரர் முகத்தோடு சந்தனக் கதையைச் சொல்லி முடித்தார். முஃபீதின் முகம் தொங்கிப்போனது. அப்போதுதான் திலகவதி ஒரு கையில் சுண்டலும் மறு கையில் டிஸ்கெட்டுமாக வந்தாள்.

"நீங்க பொட்டு வெச்சது காலி டிஸ்கெட்டுங்க. ஒங்க உசுரே இதுலதானே இருக்கு. சந்தனம் பட்டா கெட்டுப்போகும்னு காலையிலயே நாந்தான் மாத்தி வெச்சேன்."

இனி தப்ப வழியில்லை. கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே எழுந்தது. குகைவாசலில் ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். ஹரிதாஸ் தட்டிலிருந்த கொண்டைக்கடலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முஃபீத் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் டிஸ்கெட்ல பூசணமெல்லாம் பிடிக்கல லா, ஹரி. நானும் இந்த வாசல்லதான் நின்னேன்."

ஹரிதாஸுக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. உள்ளே போகலாமா என்று திரையில் கேள்வி கண் சிமிட்டியது. மாவீரர்கள் இருவரும் அசையவில்லை.

"போகலாமான்னுதானே கேக்குது?" என்ற திலகவதி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்பதற்கான 'ஒய்' எழுத்தை அமுக்கினாள்.

டிராகன் ஒரே ஒரு மூச்சுதான் விட்டது. ஆறு பேரும் செத்தார்கள். அதை டிஸ்கெட் கரகரவென்று எழுதிக்கொண்டது.

மறுநாள் கேன்டீனில் கதை இன்னும் நீண்டிருந்தது. மூன்று மணி நேரச் சண்டையாம். சந்தேகம் இருந்தால் டவுனில் முஃபீதைக் கேட்கலாமாம். முஃபீதும் கேட்டவர்களிடமெல்லாம் ஆமாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நலம் விசாரிக்க யாரும் இல்லை. வீடே வெறிச்சென்று இருந்தது. முஃபீதையாவது பார்க்கலாம் என்று ஹரிதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு முன்கதவைத் திறந்தார். ரோட்டில் நாய் படுத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்.