பாவாவின் குரலில் நான் பேசிய நாடகம்

சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் திருத்தணியில் நடந்தது இது. ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில், குடியால் சீரழிந்து பிறகு மீண்ட ஒரு குடும்பத்தைப் பற்றிப் பத்து நிமிட நாடகம் போடத் திட்டமிட்டார்கள். சுற்றுவட்டார ஆட்களே பேச வேண்டும் என்பது ஏற்பாடு.

நான் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவன். படிப்பு ஐந்தாவது வரைதான். நாலு பேர் முன்னால் நின்றால் பேச்சு வராது. கதையில் வரும் தறிச் சத்தத்தைச் செல்போனில் பதிந்து கொடுக்கத்தான் போனேன். குடிகாரனாகப் பேச வேண்டியவர் அன்று வரவில்லை. நாடகத்தை எழுதிய அம்மா என் கையில் தாளைக் கொடுத்தார். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "தாள வெச்சிடுங்கண்ணா. குடிச்சிட்டு வந்தவன் வீட்ல எப்டி பேசுவான்? வாய்ல வர்றத பேசுங்க. ரேடியோவுல யாரு மூஞ்சியும் தெரியாது" என்றார்.

அந்தச் சொல்லில் தைரியம் வந்தது. கண்ணை மூடிப் பேசினேன். வந்தது என் அக்கா வீட்டுக்காரர், பாவாவின் குரல். அந்த இழுப்பு, மூக்கை உறிஞ்சுவது, "நான் யாருன்னு நெனச்சே? ராஜாடி!" என்று அக்காவிடம் கத்துவது, எல்லாம் அப்படியே. தட்டை எறியும் சத்தத்துக்காக எவர்சில்வர் தட்டை மூன்று தடவை கீழே போட்டுப் பதிந்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். எனக்கென்று யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

பாவா குடியை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த நினைப்பு அப்போதே வந்தது. ஆனாலும் வேறு மாதிரி பேசுகிறேன் என்று நான் சொல்லவில்லை.

ஒலிபரப்பான மறுநாளே நாடகம் வாட்ஸ்அப்பில் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. டீக்கடையில் நானும் இருந்தேன். பாவா உள்ளே வந்ததும், "ராஜா வந்துகினு இருக்காருடா, எழுந்து நில்லுங்கடா!" என்றான் ஒருவன். இன்னொருவன், "இன்னா ராஜா, தட்டு எங்க?" என்றான். பாவா முதலில் விழித்தார். அவன் செல்போனில் போட்டுக் காட்டினான். பாவா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு டீ குடிக்காமலே போய்விட்டார்.

அவரும் நான் வேலை செய்யும் தறிக்கூடத்தில்தான் தறி ஓட்டுகிறார். மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. அக்கா போன் செய்தாள். "ஏன்டா, அந்தாளு பட்ட பாடு உனுக்குத் தெரியாதா? பேசாம படுத்துகினு இருக்காரு. திரும்பவும் கடைக்குப் போயிடுவாரோன்னு வாசலையே பாத்துகினு இருக்கேன்" என்று அழுதாள்.

போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. நின்றேன். பாவாதான் பேசினார். "நல்லாத்தான் பேசிகீற, மச்சான். நான் அப்டித்தான் கத்திகினு இருந்தேன்." பிறகு, "என் பொண்ணு இப்பதான் அத மறந்துகினு வந்தா" என்றார்.

வானொலி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். வேறு ஒருவரைப் பேச வைத்து மாற்றிப் பதிந்தார்கள். செல்போன்களில் போனதை யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை.

பாவா இன்றுவரை குடிக்கவில்லை. ஆனால் நான் வீட்டுக்குப் போனால், சொந்த மகளிடம்கூட ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துத்தான் பேசுகிறார். பேசக் கூசுவது எத்தனை வேதனை என்று பிறந்ததிலிருந்து தெரிந்த நானே, அந்தக் கூச்சத்தை இன்னொரு மனிதருக்குக் கொடுத்துவிட்டேன்.