மஞ்சள் தண்ணீர் ஊற்றிய கை

தணிகை மலையானை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் இந்த அடியாளின் கும்பிடு. அவன் எனக்குச் செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வெகுநாள் ஆசை. தீராத வியாதி தீர்ந்த கதை இல்லை இது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார ஆள் கிடைத்த கதை. ஆனால் அன்று எனக்கு அது உயிர் போகிற விஷயமாக இருந்தது.

1966-ல் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தோம். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ரங்கூன். அங்கே இந்தியாக்காரர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்தால் பர்மாக்காரர்கள் என்றார்கள். அப்பாவுக்குத் திருத்தணியில் ஒரு நூல் கடையில் வேலை கிடைத்தது. ஜூன் மாதம் என்னைப் பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். நான் பேசியதும் தமிழ்தான். ஆனாலும் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். மத்தியானம் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி சோற்றை ஒருத்தி வாங்கிச் சாப்பிடுவார்கள். என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பசி இல்லாதவள் மாதிரி மெதுவாகச் சாப்பிடுவேன்.

அந்த வட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கஸ்தூரி. நெசவுக்காரர் வீட்டுப் பெண். ஆனி மாதத்தில் ஒரு நாள் அவள் என்னைப் பார்த்து, "இன்னா கொண்டாந்துகீற? இங்க வந்து காட்டு" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அம்மா காய்ந்த இறாலை இடித்து மிளகாயோடு வறுத்து வைத்திருந்தாள். ரங்கூனில் அதற்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் அடித்துக்கொள்ளும்.

வாசம் வந்ததும் வட்டம் அப்படியே பின்னால் நகர்ந்தது. "இன்னிக்குக் கிருத்திகைடி! சாமி மலை மேல நின்னு பாத்துகினு கீறாரு. இதைப் போய் எடுத்துகினு வந்துகீறியே, எட்டப் போ!" என்று கஸ்தூரி கத்தினாள். மாதா மாதம் கிருத்திகையன்று இந்த ஊரில் மீன், கறி சமைக்க மாட்டார்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் அறிந்ததெல்லாம் தைப்பூசம் ஒன்றுதான். நான் எழுந்து போனதும், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருத்தி தண்ணீர் தெளித்தாள்.

மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கோபக்காரர் இல்லை, அலுத்துப் போனவர். "ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்கறேன். அப்புறமும் போக மாட்டேன்னா தறி வீட்டுக்கு நூல் தார் சுத்தற வேலைக்குப் போ" என்றார். படிப்பு போய்விடும் என்ற துக்கம் ஒரு பக்கம். முருகனுக்கே நான் ஆகாதவளாகிவிட்டேனோ என்ற பயம் இன்னொரு பக்கம். அந்தப் பயம்தான் என்னை அதிகமாக அரித்தது.

ஒரு சாயங்காலம் தனியாக மலையேறினேன். எனக்குக் கெஞ்ச வரவில்லை, கோபம்தான் வந்தது. "முருகா, நீயும் எங்கேயோ சண்டை போட்டுட்டு வந்து இந்த மலையில தங்கினவன்தானே? உன்னை மட்டும் ஊர் வச்சுக்கிச்சு. எனக்கு ஒரே ஒருத்தியைக் குடு, பக்கத்துல உக்கார. காவடி எடுக்கறேன்" என்றேன். சாமியிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். திக்கற்றவருக்குத் தெய்வமே துணை என்றால் கோபத்தையும் அங்கேதானே காட்ட வேண்டும்?

விரதம் இருந்தேன். ஆடிக் கிருத்திகையன்று சரவணப் பொய்கையில் முழுகி, மஞ்சள் புடவை கட்டி, புஷ்பக் காவடியைத் தோளில் வாங்கினேன். அரோகரா சத்தம் காதை அடைத்தது. அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். காவடி எடுத்தவர் காலில் வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். காவடி தோளில் இருக்கும் வரை அவரும் முருகன்தான்.

மலையடிவாரத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் குடத்தோடு குனிந்து என் காலில் ஊற்றினாள். இரண்டு கையாலும் என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். கஸ்தூரி.

அவள் முகம் வெளிறிவிட்டது. குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்பா உள்ளேயிருந்து, "இன்னாம்மா நின்னுட்ட? ஊத்து, சாமி வெயில்ல நிக்குது" என்றார்.

"ஊத்தறேன் நைனா" என்றாள். மறுபடியும் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்து, "காலு சுடுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கூடவே நடந்தாள். படி கொதிக்கும் இடங்களில் என் காலுக்கு முன்னால் தண்ணீர் விட்டாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் திரும்பிப் போகவில்லை.

மேலே காவடியை இறக்கியதும் என் தோளைப் பிடித்துவிட்டாள். "நாளைக்கு ஸ்கூலுக்கு வருவியா?" என்றாள்.

"என்னைச் சேத்துக்குவீங்களா?"

"மொதல்ல வா. எம் பக்கத்துல குந்து. எவ இன்னா சொல்றான்னு பாக்கறேன்."

சந்நிதியைப் பார்த்தேன். கண்ணீரில் ஒன்றுமே தெரியவில்லை. நான் ஒரே ஒருத்தியைக் கேட்டேன். எட்டப் போகச் சொன்னவளையே என் முருகன் எனக்குக் கொடுத்தான்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகவில்லை. சிலர் கடைசி வரை என்னைப் பர்மாக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கஸ்தூரி மட்டும் என்னை விட்டுக்கொடுக்கவே இல்லை. பள்ளி இறுதித் தேர்வில் பாஸானேன். இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டேன். இப்போது ஆடிக் கிருத்திகை வந்தால் நானும் என் வாசலில் நின்று ஊற்றுகிறேன்.

இந்தக் கூட்டத்தில் ஊர் புதிதாய், முகம் புதிதாய் நிற்பவர்கள் இருந்தால் அவனிடம் கேளுங்கள். சின்ன விஷயம் என்று வெட்கப்படாதீர்கள். கேட்க எதுவும் இல்லாத பாக்கியசாலிகளுக்கும் ஒரு வார்த்தை. யாரோ ஒரு பெண் அழுது கேட்ட வரமாக அவன் உங்களை அனுப்புவான். அன்றைக்கு முகத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள்.