வெங்காய வண்டி வந்துகொண்டிருக்கிறார்கள்

பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பதிப்பகங்கள் அனுப்பும் புத்தகங்களை, அச்சுக்குப் போகும் முன்பு வீட்டில் உட்கார்ந்து படித்துத் திருத்திக் கொடுப்பேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி வரும். கணினியை மூடினாலும் கண் மூடாது. ஏதாவது ஒரு காம்பவுண்டில் 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதியிருந்தால் எனக்கு நெஞ்சு எரியும். வயிறு, வயிற்றில், சரி. கயிறு, கயிற்றில், அதுவும் சரி. சுவர் எந்த ஊரில் சுவற்றில் ஆனது? பக்கத்தில் நடந்து வருகிற என் கணவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். இல்லாவிட்டால் நான் கரித்துண்டு தேட ஆரம்பித்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

அவர் மட்டும் யோக்கியமா? "ரோட்டுக்கு நடுசென்டர்ல மெட்ரோக்காரன் பள்ளம் தோண்டி வெச்சிருக்கான்" என்பார். நடுவில் விழுந்தாலும் சரி, சென்டரில் விழுந்தாலும் சரி, இரண்டிலும் சேர்ந்து எப்படி விழுவது என்று கேட்டால், "ரிட்டன் திரும்பி வந்து சொல்றேன்" என்று வண்டியைக் கிளப்பிவிடுவார். என்னைச் சீண்டுவதற்காகவே சொல்கிறாரா, இல்லை நாக்கே அப்படியா என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

நாங்கள் இருப்பது நகரத்தின் விளிம்பில், பாரிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாவது மாடி. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் கோயம்புத்தூர், மதுரை, நாகர்கோவில் என்று ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். நான் பேசும் தமிழைக் கேட்டு, "உங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கமா?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவைப்பேன். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

காலையில் நான் வேலையில் உட்காரும் நேரம் பார்த்து அந்த வண்டி வரும். வெங்காயம் விற்கிற சின்ன வண்டி. கூரைமேல் ஒரு கூம்பு ஸ்பீக்கர். அதில் வண்டிக்காரர் எப்போதோ பேசிப் பதிந்து வைத்தது திரும்பத் திரும்ப ஓடும்: "வெங்காயம் வெங்காயம்! தாய்மார்களே, இல்லத்தரசி பெண்மணிகளே! வெங்காய வண்டி உங்கள் வீட்டு அருகாமையில் வந்துகொண்டிருக்கிறார்கள்! இன்று விட்டால் நாளை வரமாட்டார்கள்!"

மறுநாளும் வருவார்கள். அது பொய் என்று விட்டுவிடலாம், வியாபாரத்தில் பொய் உண்டு. 'அருகில்' என்னாமல் 'அருகாமையில்' என்பதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம். வண்டி எப்படி வந்துகொண்டிருக்கிறார்கள்? நான் ஒரு முனைவர் பட்ட ஆய்வில் ஒருமை பன்மைக்கு நடுவே தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். கீழே வண்டியார் வந்துகொண்டிருப்பார்கள். ஜன்னலைச் சாத்தினால் சாத்திய ஜன்னல் வழியாகவும் வருவார்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன். வண்டிக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். பாரிவாக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். எங்கள் குடியிருப்பு நிற்கும் இடமே ஒரு காலத்தில் தங்கள் கத்திரிக்காய்த் தோட்டம் என்பார். பாதியாவது உண்மையாக இருக்கும். நான் புத்தகம் திருத்துகிறவள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

"இன்னா டீச்சர், சாம்பார் வெங்காயமா?"

"வெங்காயம் அப்புறம். வண்டி வந்துகொண்டிருக்கிறார்கள்னு சொல்றீங்களே தம்பி, வண்டி என்ன உங்க மாமனாரா?"

அவர் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு யோசித்தார். "மரியாத குடுத்து சொல்றேன் டீச்சர். இதானே நமக்கு சோறு போடுது. அத்தப் போயி வந்துகினு கீதுன்னு எப்டி சொல்றது?"

"மரியாதையை மனசுல வெச்சுக்கங்க. வினைமுற்றுல வைக்காதீங்க."

"இன்னா முற்று?"

நான் விளக்கினேன். தெருவில் நின்றுகொண்டு, கையில் பையோடு, உயர்திணை அஃறிணை முழுவதும் விளக்கினேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "இம்மா நாளா தப்பாவா கத்திகினு இருந்தேன்? ஒருத்தரும் சொல்லலியே!" என்று வருத்தப்பட்டார். பிறகு ஸ்பீக்கரின் மைக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே நல்லதா ஒண்ணு பேசி குடுத்துடுங்க டீச்சர். புச்சா பேசினா பழ்சு தானா அழிஞ்சிடும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன்: "அன்பார்ந்த இல்லத்தரசிகளே! உங்கள் தெருவுக்கு வெங்காய வண்டி வந்திருக்கிறது. தரமான பெரிய வெங்காயமும் சாம்பார் வெங்காயமும் நியாயமான விலையில் கிடைக்கும். பையுடன் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்." ஒற்றெழுத்து ஒன்றுகூட வழுக்கவில்லை. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் என் குரல் தெருவில் வந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. மாறாக, மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டில் இருக்கும் கோயம்புத்தூர் அம்மாதான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அவர் மூச்சிரைக்க மாடிக்கு வந்தார்.

"ஏனுங்க, என்னமோ அறிவிப்புப் பண்ணிட்டுப் போறாங்களாட்ட இருக்குதுங்க. கரண்ட் நிக்குமாட்ட இருக்குது. நான் மோட்டாரைப் போட்டுவிட்டேன், நீங்களும் குடத்துல புடிச்சு வெச்சுக்கோங்க."

அவர் குடியிருப்பு வாட்சப்பிலும் 'அனைவரும் தண்ணீர் பிடித்து வைத்து கொள்ளவும்' என்று போட்டிருந்தார். அதில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது, அது வேறு விஷயம். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து படிக்கட்டெல்லாம் அருவியானது. அடுத்த நாள் வரி கேட்டு வந்திருக்கிறார்கள் என்று பேச்சு. அதற்கும் அடுத்த நாள், மூன்றாவது மாடியில் ஒருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, தணிந்த குரலில், "யார் தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இவர்களில் ஒருவரும் அந்தப் பழைய அறிவிப்பின் சொற்களைக் கேட்டதே இல்லை. அந்த இழுப்பைத்தான் கேட்டிருக்கிறார்கள். தெருமுனையில் "கிறார்கேஏஏள்" என்று வந்தால், அடுப்படியில் கை தானாகப் பையைத் தேடும். அந்தக் குரல்தான் வெங்காயம். என் குரல் அரசாங்கம்.

இதை வீட்டில் சொன்னேன். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். எனக்கு ஆத்திரம் வந்தது. பழமொழியில் பிழை எதுவும் இல்லாததால் இன்னும் அதிகமாக வந்தது.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி எங்கள் வாசலில் நின்றது. நான் குடையோடு இறங்கினேன். தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள் குறையாமல் அப்படியே இருந்தன. மேல் மூட்டையில் ஒன்றிரண்டு முளைவிட ஆரம்பித்திருந்தன.

"இந்த ஈரத்துல வெங்காயம் தாங்காது டீச்சர்," என்றார் அவர். "இன்னிக்கு இது போணியாவலன்னா நாளைலேந்து ஆவடி பக்கம் போய்டலாம்னு கீறேன். இங்க யாரும் வாங்கறதில்ல."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன். பிறந்த ஊர்த் தெருவிலேயே வியாபாரம் ஆகாமல் ஒரு மனிதர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதா? அதுவும் என் இலக்கணத்தால்?

"பழையபடி நீங்களே பேசுங்க தம்பி. அதே மாதிரி, அதே இழுப்போட."

"தப்பாச்சே டீச்சர்."

"தப்பாவே பேசுங்க. பரவாயில்ல."

அவர் மைக்கை எடுத்தார். "வெங்காயம் வெங்காயம்" வரை கம்பீரமாகப் போனார். "வெங்காய வண்டி உங்கள் வீட்டு…" என்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "அருகுலயா, அருகாமைலயா?" என்றார். எதுவானாலும் சரி என்றேன். "வந்துகொண்டிருக்…" என்று மறுபடி நின்றார். பல வருடமாக ஒரே மூச்சில் வந்தது இப்போது ஒவ்வொரு சொல்லாக என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றது. ஐந்தாறு தடவை முயன்றார். கடைசியில், "வாய்க்கு வர மாட்டேங்குது டீச்சர்" என்று மைக்கை என் கையிலேயே கொடுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழிபோட வசதியாக இருந்தது.

சரி, நானே கூப்பிடுகிறேன் என்று மைக்கை அழுத்தினேன். "அன்பார்ந்த இல்லத்தரசிகளே…"

கீழ்வீட்டு ஜன்னல் பாதி திறந்தது. "மோட்டார் போட்டாச்சுங்க!" என்றார் கோயம்புத்தூர் அம்மா. ஜன்னல் மூடிக்கொண்டது.

எனக்குள் என்னவோ அறுந்தது. நான் பிறந்தது தஞ்சாவூர் இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற குமணன்சாவடி. பத்தொன்பது வயதுவரை அங்கே ஒரு முக்குத் தெருவில் குழாயடிக்குப் போய்வந்த வாய் இது. அதன் மேல் எத்தனை புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தேனோ, அத்தனையும் சரிந்தன. மைக்கை மறுபடி அழுத்தினேன்.

"யம்மோவ்! அல்லாரும் காதுல பஞ்ச வெச்சிகினு குந்திகினு கீறீங்களா? கரண்டும் போவல, ஒரு எழவும் உழல! வெங்காயம் வந்து கீது, வெங்காயம்! மன்சன் மழைல நனிஞ்சிகினு நிக்கிறாரு, ஊட்ட உட்டு எறங்கி வந்து ரெண்டு கிலோ வாங்கினா இன்னா, கொறஞ்சா பூடுவீங்க? மருவாதியா பைய எட்துகினு எறங்குங்க, சொல்லிட்டேன்!"

முதலில் தாழ்ப்பாள்கள். கதவுகள். படிக்கட்டில் செருப்புகள் திடுதிடுவென்று இறங்கின. குடை உள்ளவர்கள் குடையோடும், இல்லாதவர்கள் தலையில் துண்டோடும் வந்தார்கள். எதிர்க் குடியிருப்பிலிருந்தும் வந்தார்கள். திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். சாம்பார் வெங்காயம் முதலில் தீர்ந்தது. கோயம்புத்தூர் அம்மா தராசுத் தட்டைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்:

"உங்களுக்குத் தஞ்சாவூருன்னு இல்லீங்க நெனச்சேன்?"

"குமணன்சாவடிங்க," என்றேன்.

"அதானே பார்த்தேன்," என்று இன்னும் ஒரு கிலோ போடச் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் வண்டிக்காரர் காலி மூட்டைகளை உதறி மடித்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு ஸ்பீக்கரில் ஒரு பட்டனைத் தட்டினார். "யம்மோவ்!" என்றது அது. நான் மைக்கை அழுத்திய அழுத்தலில் எல்லாம் பதிவாகியிருக்கிறது.

"ஐயோ தம்பி, அதை அழிங்க!"

"எதுக்கு டீச்சர்? நான் பக்கத்துலயே நின்னு நல்லா கேட்டேன்," என்றார் அவர். "ஒரு தப்பு கூட இல்ல."

அவர் ஆவடிக்குப் போகவில்லை. இப்போது மழை போய் வெயில் கொளுத்துகிறது. ஆனாலும் தினமும் காலையில் அந்தக் குரல் தெருவில் திரும்பி, மனிதர் மழையில் நனைந்துகொண்டு நிற்பதாகச் சாதிக்கிறது. இலக்கணத்தில் குற்றமில்லை, பொருளில் பெரிய குற்றம் என்று இறங்கிப் போய்ச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுக்கும். மாடிப்படியில் நாலு வீட்டுக் கதவுகள் திறக்கும். "மருவாதியா எறங்குங்க" என்று மறுபடி ஓர் அதட்டல் வரும். நானும் பேனாவை மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். அந்தப் பொம்பளையிடம் யார் வாயைக் கொடுப்பது?