மார்ட்டின் வீட்டில் ஒத்துப் பிடித்தவன்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணி போட எழும்பிப் போகிற ஆள் நான். ஒலிப்பதிவு என் தொழில். ஒரு சத்தம் கேட்டால் அதற்கு ஒரு வாய் இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கேயோ ஒரு வயர் பழுது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஊரில் சண்டை முடிந்துகொண்டிருந்த 2009 மே மாதம், வன்னிக்குள் இருந்த என் தம்பி குகனிடமிருந்து போன் வருவது நின்றுபோயிற்று. அம்மா ரொறன்ரோவில், எங்கள் வோபர்ன் வீட்டில் போனை மடியில் வைத்தபடியே இருந்தார். கூடவே இருந்தால் எனக்கும் பைத்தியம் பிடிக்கும் என்று, ஒப்புக்கொண்ட வேலைக்குப் போனேன். நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் இலியன் பைப் என்ற துருத்திக்குழல் வாசிக்கும் ஐரிஷ்காரர்களைப் பதிவு செய்கிற வேலை. அது வாயால் ஊதுவதல்ல. ஒரு கக்கத்தில் துருத்தி, மற்றதில் காற்றுப் பை, இருந்தபடியே வாசிப்பார்கள். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரே சுரத்தைப் பிடிக்க அதிலேயே தனிக் குழல்களும் உண்டு.

முதலில் அஜக்ஸில் ஒரு பெண் வாசித்தார், சுரத்தோடு சுரத்தை இழைத்து, இடைவெளியே இல்லாமல். டான்ஃபோர்த் பக்கத்துக் கிழவர் மார்ட்டின் அதற்கு நேர் எதிர். குழலின் நுனியைத் துடையில் அமத்தி அடைத்து, ஒவ்வொரு சுரத்தையும் நறுக்கி நறுக்கி வைப்பார், நடுவில் சுத்தமான மௌனம். அடடா, என்ன கை! கொஞ்ச நேரம் தம்பியைக்கூட மறந்துபோனேன். அன்றைக்கு ஒத்துக் குழல்களின் நாணல் சீவாளி சரியில்லை என்று அவற்றை அடைத்துவிட்டுத்தான் வாசித்தார், அதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

வாசித்து முடித்துவிட்டு, என்னோடு வந்த பையன் யார் என்று கேட்டார். நன்றாக ஒத்துப் பிடிக்கிறானாம், இடையில் கொஞ்சம் இறங்கிப்போகிறானாம், பிறகு செருமிவிட்டுச் சரியாக்குகிறானாம்.

நான் தனியாகத்தான் போயிருந்தேன்.

ஹெட்போனைப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், அந்த மௌனங்களுக்குள் யாரோ மூக்கால் முனகிச் சுருதி பிடிக்கிறார்கள், இறங்குகிறார்கள், ஒரு செருமல், மறுபடி சரி. கோயிலில் நாதஸ்வர மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால் குகன் செய்கிற அதே வேலை. மேளகாரர் எத்தனை முறைத்தாலும் விடமாட்டான்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"உது குகன் எல்லே! எங்கையடா எடுத்தனீ?"

"இங்கைதான் அம்மா. வேலை செய்த இடத்திலை."

"அப்ப ஆள் இருக்கிறான்" என்றார், அவ்வளவுதான்.

குகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவன் படத்துக்கு விளக்கு வைப்போம் என்று சொந்தக்காரர் வாய் திறந்தால் அம்மா எரிந்து விழுவார். ஒவ்வொரு மே மாதமும் அந்தப் பதிவைப் போடச் சொல்லிக் கேட்பார்.

இந்த வருடமும் போட்டேன். முனகல் இருந்தது. சுருதி இறங்கவில்லை, செருமலும் இல்லை. வயரைக் கழற்றி மாட்டினேன், மூலப் பதிவையே எடுத்துப் போட்டேன். மார்ட்டினின் குழலோடு இம்மி பிசகாமல் சேர்ந்து நிற்கிறது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது, எங்கே போய் நிம்மதியாக நிற்கிறானோ என்று.

பக்கத்தில் அதே பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சிரித்தார்.

"பார், உதிலை திரும்பவும் சுருதியை விடுறான். இப்ப செருமுவான், கேள்."

"ஓம் அம்மா" என்றேன்.