இராயப்பர் கோயில் வாசலில் ஒரு ஜோடி ஷூ

ரோமில் வேலை பார்க்கும் மகன், லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். ஆவூர்ப் பக்கம் முப்பது வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியவளுக்கு ரோமைக் காட்ட ஓர் ஆள் வேண்டுமா? நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் கிளம்பினோம். எனக்குச் செருப்பு, அவருக்கு ஷூ. சர்க்கரையால் போன வருஷம்தான் அவருக்கு ஒரு கால்விரலை எடுத்திருந்தார்கள். இனி வெறுங்காலோடு நடந்து புண் வந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

கொலோசியத்தில் ஒரு குறையும் இல்லை. நான் சிங்கங்களையும் அடிமைகளையும் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தனை கல்லையும் எப்புடி மேல ஏத்துனாங்க?" என்றார். வயல்காட்டில் பாடுபடுகிற சம்சாரி கேட்கிற கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. "சாரம் கட்டித்தான்" என்று ஒரே போடாகப் போட்டேன்.

வம்பு கோயில்களில்தான் வந்தது; சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊரில் யாரும் செருப்போடு கோயிலுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. முதல் கோயில் வாசலில் அவர் குனிந்து லேஸை அவிழ்க்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"மறக்கல. அதுக்காக ஷூவோட ஆண்டவர் முன்னாடி போயி நிக்கச் சொல்றியா?"

"இங்க எல்லாரும் அப்படித்தாங்க போறாங்க."

"அவுங்க போகட்டும். நான் இங்கிட்டே நிக்கிறேன். நீ பாத்துட்டு வா."

அன்றைக்கு நான்கு கோயில்கள் பார்த்தேன். நான்கிலும் அவர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அழிச்சாட்டியம் பிடித்த மனுஷன்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேதுருவை நாங்கள் இராயப்பர் என்போம். அந்த இராயப்பர் கல்லறை முன்னால் ஒரு தடவையாவது முழங்கால் போட வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை விசா எடுக்க வைத்தவர் இவர்தான்.

கடைசியாக அந்தக் கோயிலுக்கே வந்தோம். வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்றோம். வாசற்படி வந்ததும் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

"நீ போயி எனக்கும் சேத்து வேண்டிக்க" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. என் செருப்பைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன்.

"நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நான் வெறுங்காலோட வாரேன். ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஷூவோட நடங்க."

"பைத்தியமா ஒனக்கு? தரை சில்லுன்னு கெடக்கும்."

"நடங்கங்குறேன்ல!"

பின்பெஞ்சுக்காரனை எழுப்புகிற குரல் அது. ஷூவோடு படியேறி உள்ளே நடந்தார்.

பளிங்குத் தரையில் என் பாதம் விறைத்துப்போனது. புடவைக் கரை மறைத்ததால் யாரும் கவனிக்கவில்லை. கல்லறைக்கு எதிரே அவர் முழங்கால் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். வெகுநேரம் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"கால் நல்லாயிருக்கணும்னு வேண்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்கணும்னுதான் வந்தேன். ஆனா, ஒன்னைய இப்படி வெறுங்காலோட நிக்க வச்சதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன்."

முழங்காலில் இருந்தபடியே திரும்பி, என் பாதங்களை இரண்டு கையாலும் பொத்திச் சூடு பறக்கத் தேய்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் காலைத் தொட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

"பாக்கட்டும்" என்றார்.